நாயின் பின்னங்கால் எக்ஸ்ரே: முட்டி ஜவ்வு அபாயத்தைக் கணிக்க முழுமையான வழிகாட்டி

லேப்ரடார் வளர்ப்பவர்கள் எக்ஸ்ரே படத்தை செல்போனில் அனுப்பி, "டி.பி.ஏ. 28 டிகிரி வருது, ஜவ்வு போயிடுமா?" என்று கேட்கிறார்கள். டி.பி.ஏ. என்பது முட்டிக்குக் கீழே உள்ள டிபியா எலும்பின் மேல்தளம் சரிந்திருக்கும் கோணம். படத்தைத் திறந்தால் முட்டி சாய்ந்து கிடக்கும், கணுக்கால் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும், எந்தக் கால் என்று மார்க்கர் இருக்காது. அந்த 28-க்கு எந்த அர்த்தமும் இல்லை. புதிதாக வரும் டாக்டர்களும் எக்ஸ்ரே எடுப்பவர்களும் தடுமாறுவது இங்கேதான்: கோணத்தை முதலில் அளந்துவிட்டு மற்றதை அப்புறம் பார்க்கிறார்கள். கோணம் அளப்பது கடைசி வேலை. நாய் நிற்பதைப் பார்ப்பது, சரியாகப் படுக்க வைப்பது, படம் தேறுமா என்று சோதிப்பது, முட்டியில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பது, இத்தனையும் முடிந்த பிறகுதான் ஸ்கேலை எடுக்க வேண்டும்.

கீழே உள்ளது இளம் கால்நடை மருத்துவர்களுக்கும், கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கும், இனப்பெருக்கத்துக்கு நாயைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும். நாய் வளர்ப்பவர்கள் இதை வைத்து வீட்டில் எதுவும் செய்ய முடியாது, ஆனால் கிளினிக்கில் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். உதாரணங்களுக்கு லேப்ரடாரையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் ஊர் கிளினிக்குகளுக்கு இந்தப் பிரச்சினையோடு அதிகம் வருவது அதுதான்.

1. எக்ஸ்ரேயில் எது தெரியும், எது தெரியாது

ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொடை எலும்பையும் டிபியாவையும் முட்டிக்குள் பிணைக்கும் முன் குறுக்கு ஜவ்வு முழுசாக இருந்தாலும் கிழிந்திருந்தாலும் படத்தில் அந்த இடம் ஒரே சாம்பல் நிறம்தான். முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸும் அப்படியே.

தெரிவது இரண்டு வகை. ஒன்று, எலும்பின் வடிவம்: டிபியாவின் மேல்தளம் எவ்வளவு சரிந்திருக்கிறது, தொடை எலும்பு உள்ளே வளைந்திருக்கிறதா, முட்டிச் சில்லு எங்கே உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று, ஜவ்வு நைந்துபோகத் தொடங்கியதன் தடயம்: மூட்டுக்குள் நீர், ஓரங்களில் எலும்பு முளை, டிபியா முன்னால் நழுவி நிற்பது.

நாய்களுக்கு இந்த ஜவ்வு பெரும்பாலும் ஒரே அடியில் அறுவதில்லை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நைந்து, கடைசியில் பந்தைத் துரத்தும்போதோ சோபாவிலிருந்து குதிக்கும்போதோ போகிறது. அதனால்தான் எக்ஸ்ரேக்கு இதில் வேலை இருக்கிறது. வடிவம் அபாயத்தைச் சொல்லும், தடயம் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. என் கணிப்பில் தடயத்தின் எடை அதிகம்.

இன்னொரு சின்ன விஷயம். பின்னங்காலில் பின்பக்கமாக மடிந்து துருத்திக்கொண்டிருக்கும் மூட்டை முட்டி என்று நினைப்பவர்கள் நிறைய. அது கணுக்கால், ஹாக் என்பார்கள். முட்டி அதற்கு மேலே, வயிற்றின் அடிப்பக்கத்தை ஒட்டி முன்னோக்கி மடியும் மூட்டு.

2. மேஜையில் ஏற்றும் முன் நிற்பதையும் நடப்பதையும் பாருங்கள்

மயக்க ஊசி போட்ட பிறகு நாய் நிற்காது. அதனால் இது முதலில்.

சொரசொரப்பான தரையில், நேர்க்கோட்டில், கயிறு தளர்வாக இருக்க நடக்க வையுங்கள். வழவழப்பான டைல்ஸில் நல்ல நாயும் கோணலாகத்தான் நடக்கும். அப்புறம் உட்காரச் சொல்லுங்கள். முட்டி வலிக்கும் நாய் காலை முழுசாக மடக்காமல் ஒரு பக்கமாக நீட்டிப் போட்டு உட்காரும். நொண்டல் கண்ணுக்குத் தெரியாத நாயிடமும் இது தெரியும்.

அடுத்து பக்கவாட்டில் ஒரு போட்டோ. கேமரா நாயின் முட்டி உயரத்தில் இருக்கட்டும், பின்னங்காலின் கீழ்ப்பகுதி, அதாவது கணுக்காலிலிருந்து பாதம் வரையிலான பகுதி, தரைக்குச் செங்குத்தாக இருக்கட்டும். கால் "நேராக" இருக்கிறதா, முட்டி போதுமான அளவு மடிந்து நிற்கிறதா என்பதை இந்தப் போட்டோவில்தான் பார்க்க வேண்டும். மயங்கிப் படுத்திருக்கும் நாயின் எக்ஸ்ரேயில் முட்டி எத்தனை டிகிரி மடிந்திருக்கிறது என்று பார்த்து "நேர்க்கால் நாய்" என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. அந்தக் கோணத்தை உண்டாக்கியது நாயைப் படுக்க வைத்தவர்.

பிறகு கைப் பரிசோதனை. முட்டியின் உட்பக்கம் தடித்திருக்கிறதா என்று இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பாருங்கள். தொடைச் சதை ஒரு பக்கம் வற்றியிருக்கிறதா பாருங்கள். டிராயர் சோதனையை, அதாவது தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு டிபியாவை முன்னால் தள்ளிப் பார்ப்பதை, விழித்திருக்கும்போது ஒரு முறை, மயக்கத்தில் இன்னொரு முறை செய்ய வேண்டும், ஏனென்றால் வலியில் சதையை இறுக்கிக்கொள்ளும் நாயிடம் முதல் முறை ஒன்றும் அசையாது. முட்டிச் சில்லு விலகுகிறதா என்பதையும் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் இரண்டு கிரேடு விலகலில், படம் எடுக்கும் நொடியில் சில்லு தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கலாம். அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பும் முட்டிச் சில்லுக்குச் சான்றிதழ் தருவது கைப் பரிசோதனையை வைத்துத்தான்.

3. கையில் இருக்க வேண்டியவை

மயக்கம் கட்டாயம். வலிக்கும் முட்டியை 90 டிகிரியில் மடக்கி அசையாமல் வைக்க விழித்திருக்கும் நாய் சம்மதிக்காது, பிடித்து அழுத்தினால் ஒன்று படம் கெடும், இல்லை யாராவது கடிபடுவார்கள். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை டாக்டர் அந்த நாயின் வயதையும் இதயத்தையும் பார்த்துச் சொல்வார்.

ஸ்பான்ஜ் ஆப்புகள் இரண்டு மூன்று அளவில், மணல் பைகள், பேண்டேஜ் துணி அல்லது மைக்ரோபோர் டேப், இடம் வலம் மார்க்கர்கள். எக்ஸ்ரே பாயும் இடத்தில் யார் கையும் இருக்கக் கூடாது. ஈயக் கையுறை போட்டிருந்தாலும் கூடாது. அந்தக் கை செய்யும் வேலையை டேப்பும் மணல் பையும் செய்யும். அறைக்குள் இருந்தே ஆக வேண்டியவர்களுக்கு ஈய ஏப்ரனும் தைராய்டு காலரும். கர்ப்பிணிகளும் 18 வயதுக்குக் குறைந்தவர்களும் வெளியே.

ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம் என்று தோன்றினால், நீளம் தெரிந்த ஒரு உலோக அளவுகோலையோ குண்டையோ எலும்பின் உயரத்தில் வையுங்கள். மேஜை மேல் வைத்தால் பயனில்லை, எலும்பு மேஜையிலிருந்து உயரத்தில் இருப்பதால் அது வேறு அளவில் பெரிதாகியிருக்கும். கோணம் பார்க்க இது வேண்டாம், ஆபரேஷனில் எலும்பில் பொருத்தும் உலோக பிளேட்டின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. பக்கவாட்டுப் படம்

எல்லாம் இந்தப் படத்தில்தான் இருக்கிறது. அவசரம் வேண்டாம்.

நாயை, படம் எடுக்க வேண்டிய கால் மேஜையைத் தொடுமாறு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலது முட்டி என்றால் வலது பக்கம் கீழே. மேலே இருக்கும் காலை வயிற்றிலிருந்து விலக்கி முன்னோக்கி இழுத்து டேப்பால் கட்டுங்கள், அந்தத் தொடைச் சதை முட்டி மேல் விழக் கூடாது. ஆண் நாய்க்குக் குறியை மூடிய தோலையும் சேர்த்து ஒதுக்க வேண்டியிருக்கும்.

முட்டி 90 டிகிரி, கணுக்கால் 90 டிகிரி. இந்த இரண்டு செங்கோணமும் ஏன் என்றால், எல்லாரும் இதே நிலையில் அளந்தால்தான் உங்கள் எண்ணையும் இன்னொருவர் எண்ணையும், இந்த வருட எண்ணையும் அடுத்த வருட எண்ணையும் ஒப்பிட முடியும். ஒரு செட்ஸ்கொயரை முட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கண் மதிப்பீடு நிறையவே ஏமாற்றும்.

இப்போது எக்ஸ்ரே விழும் பரப்பைக் காட்டும் கொலிமேட்டர் விளக்கைப் போட்டு, குறுக்குக் கோடுகள் முட்டி மூட்டின் மேல் விழுமாறு வையுங்கள். கணுக்காலும் படத்துக்குள் முழுசாக வர வேண்டும், ஆனால் மையம் முட்டியில்தான். புதியவர்கள் இரண்டும் வர வேண்டும் என்று டிபியாவின் நடுவில் மையத்தை வைக்கிறார்கள். அப்படி வைத்தால் எக்ஸ்ரே முட்டியைச் சாய்வாகக் கடக்கிறது, மேல்தளத்தின் உள் ஓரமும் வெளி ஓரமும் பிரிந்து இரண்டு கோடாகத் தெரிகின்றன, எந்தக் கோட்டில் அளப்பது என்று தெரியாது. மையத்திலிருந்து கால் விலக விலகக் கோணம் கூடியோ குறைந்தோ காட்டும், எலும்பில் எந்த மாற்றமும் இல்லாமலேயே.

டிபியா மேஜைக்கு இணையாக இருக்கிறதா பாருங்கள். தொடையின் பருமனால் முட்டி மேஜையிலிருந்து உயர்ந்து கணுக்கால் தாழ்ந்திருக்கும், குண்டான லேப்ரடாருக்கு இன்னும் அதிகம். கணுக்காலுக்கு அடியில் மெல்லிய ஸ்பான்ஜ் வைத்தால் சரியாகிவிடும்.

மார்க்கரை எக்ஸ்போஷருக்கு முன்பே எக்ஸ்ரே பிளேட்டில் வையுங்கள். கம்ப்யூட்டரில் பிறகு டைப் செய்துகொள்ளலாம் என்று விட்டால், நான்கு படம் எடுத்த பிறகு எது எந்தக் கால் என்று தெரியாமல் போகும். முக்கியமாக, நொண்டாத காலுக்கும் இதே படம் எடுக்க வேண்டும். இதைத் தவிர்க்காதீர்கள், ஏன் என்று 7-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

5. படம் தேறுமா என்று சோதிப்பது

நாய் மேஜையில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். எழுப்பி வீட்டுக்கு அனுப்பிய பிறகு தெரிந்து பயனில்லை.

தொடை எலும்பின் கீழ் முனையில் உருண்டையாக இரண்டு கண்டைல்கள் இருக்கும். நல்ல படத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி ஒரே வளைவாகத் தெரியும். இரண்டு வளைவு தெரிந்தால், இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் என்றால் அளக்காதீர்கள், மறுபடி எடுங்கள்.

எப்படித் திருத்துவது என்பதுதான் பலருக்கும் பிடிபடாது, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வளைவும் டிபியாவின் நீளவாக்கில் விலகியிருந்தால், கணுக்காலின் உயரம் தவறு: ஸ்பான்ஜை ஏற்றியோ எடுத்தோ பாருங்கள். இரண்டும் டிபியாவுக்குக் குறுக்குவாக்கில் விலகியிருந்தால், கால் தன் அச்சில் திரும்பியிருக்கிறது: இடுப்புக்கோ முட்டிக்கோ அடியில் ஸ்பான்ஜ் வைத்து மற்றதோடு சமமாக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, அடுத்த நாய்க்கும் அதே தடுமாற்றம்.

அப்புறம் கணுக்கால் முழுசாக வந்திருக்கிறதா, டேலஸ் எலும்பின் வட்டமான மேல்விளிம்பு தெளிவாக இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் டிபியாவின் அச்சை வரைய முடியாது.

6. முன் பின் படங்கள்

முட்டிக்கும் டிபியாவுக்கும் சேர்த்து ஒரு படம்: நாய் வயிற்றின் மேல் படுத்து, கால் பின்னோக்கி நீண்டு. முட்டிச் சில்லு தொடை எலும்பின் நடுவில் தெரிய வேண்டும், பின்னால் இருக்கும் பயறு அளவு எலும்புகளான ஃபேபெல்லா இரண்டும் தொடை எலும்பின் இரு பக்கச் சுவர்களால் பாதியாக வெட்டுப்பட்டதுபோல் நிற்க வேண்டும். சில்லு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், கால் திரும்பியிருக்கிறதா அல்லது சில்லே விலகியிருக்கிறதா என்பதை ஃபேபெல்லாதான் சொல்லும்.

தொடை எலும்புக்குத் தனிப் படம். எலும்பு பிளேட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். இடுப்பு மூட்டு கெட்டுப்போன நாயால் காலை முழுசாக நீட்ட முடியாது, எலும்பு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், படத்தில் அது குட்டையாகவும் இல்லாத வளைவோடும் தெரியும். அந்த நாயின் உடலின் முன்பகுதியைச் சாய்த்து உயர்த்தி வைத்தால் தொடை எலும்பு படுத்துவிடும்.

இடுப்புப் படத்தையும் எடுத்துவிடுங்கள். லேப்ரடாருக்கு இடுப்பு டிஸ்பிளேசியா, அதாவது இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளர்வது, சகஜம், அதனாலேயே ஒரு பொறி இருக்கிறது: இடுப்பு மோசமாக இருப்பதைப் பார்த்ததும் நொண்டலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். பல வருடமாக இடுப்பு அப்படியே இருந்த நாய் திடீரென ஒரு காலைத் தூக்கினால், அது முட்டி என்று சந்தேகப்படுங்கள். இடுப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே முட்டி முழுசாகப் போன நாய்கள் ஏராளம்.

7. அளப்பதற்கு முன் படிக்க வேண்டியவை

முதலில் எலும்புக்குள் பாருங்கள். தொடை எலும்பின் கீழ் முனையும் டிபியாவின் மேல் முனையும் எலும்புப் புற்றுநோய் வரும் இடங்கள், பெரிய இன நாய்களுக்கு, குறிப்பாக ராட்வெய்லருக்கு. எலும்பு அரித்தது போலவோ, ஓரத்தில் புகைபோல் புது எலும்பு படர்ந்தோ இருந்தால் ஜவ்வுப் பேச்சை நிறுத்திவிட்டு அதைக் கவனியுங்கள். கோணத்திலேயே கண் வைத்திருப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

அடுத்து நீர். பக்கவாட்டுப் படத்தில் முட்டிச் சில்லின் கீழ் முனைக்கும் டிபியாவுக்கும் நடுவே, சில்லிலிருந்து இறங்கும் பட்டைக்குப் பின்னால், கொழுப்புத் திட்டு ஒன்று கருமையான முக்கோணமாகத் தெரியும். கொழுப்பு எக்ஸ்ரேயில் கருப்பு, நீர் சாம்பல். நல்ல முட்டியில் அந்தக் கருப்பு முக்கோணம் பின்னால் தொடை எலும்பு வரை நீளும். நீர் கோத்திருந்தால் பின்னாலிருந்து சாம்பல் நிறம் தள்ளிக்கொண்டு வரும், முக்கோணம் சுருங்கி முன் பட்டையோடு ஒட்டிக்கொள்ளும். முட்டியின் பின்பக்கத்திலும் பாருங்கள்: சதைகளுக்கு இடையில் ஓடும் மெல்லிய கருப்புக் கோடு பின்னோக்கி உப்பியிருக்கும். டிஜிட்டல் படத்தில் பிரைட்னெஸ், கான்ட்ராஸ்ட் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். எலும்புக்காக வைத்த அமைப்பில் இந்தக் கொழுப்பு மொத்தமும் கருப்பில் மூழ்கிவிடும், "நீர் இல்லை" என்று எழுதிவிடுவீர்கள்.

மூன்றாவது, எலும்பு முளை. சில்லின் கீழ் முனை, சில்லு ஓடும் பள்ளத்தின் மேல் விளிம்பு, ஃபேபெல்லா, டிபியா மேல்தளத்தின் பின் ஓரம் என்று வரிசையாகப் பாருங்கள். சின்ன உதடுபோல் நீட்டிக்கொண்டிருந்தால் அது பழைய வீக்கத்தின் அடையாளம்.

நான்காவது, டிபியா முன்னால் நழுவியிருக்கிறதா. நழுவியிருந்தால் ஜவ்வு போயிருக்கிறது என்பது கிட்டத்தட்ட உறுதி. நழுவாமல் இருந்தால் ஒன்றும் உறுதியில்லை, ஏனென்றால் பாதி கிழிந்த ஜவ்வு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். சந்தேகம் இருந்தால் முட்டியை 90 டிகிரியிலேயே வைத்துக் கணுக்காலை மட்டும் பேண்டேஜ் துணியால் நன்றாக மடக்கிக் கட்டி இன்னொரு படம் எடுங்கள். அந்த இழுப்பில் டிபியா முன்னால் நகர்ந்தால் விடை கிடைத்துவிட்டது.

இப்போது நொண்டாத கால். அடிக்கடி பார்க்கும் ஒரு படத்தை அப்படியே சொல்கிறேன்: ஆறேழு வயது லேப்ரடார் பெண் நாய், எடை 40 கிலோவை ஒட்டி, இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. இடது முட்டியில் நீர், எலும்பு முளை, டிபியா முன்னால். எல்லாருடைய கண்ணும் அங்கேதான். வலது முட்டியின் படத்தை வெளிச்சம் மாற்றிப் பார்த்தால் கொழுப்பு முக்கோணம் பாதிதான் மிஞ்சியிருக்கிறது, சில்லின் கீழ் முனையில் எள்ளளவு முளை. டிராயர் சோதனையில் அசைவே இல்லை. இந்த வலது முட்டிதான் அடுத்தது. ஒரு பக்கம் கிழிந்த நாய்களில் பாதிக்கு அருகில் மறுபக்கமும் கிழிகிறது, பெரும்பாலும் ஓரிரு வருடத்துக்குள். அந்த மறு முட்டியில் முதல் நாளே நீரோ முளையோ தெரிந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். எந்தக் கோணத்தைக் காட்டிலும் எனக்கு இந்தத் தடயம்தான் நம்பகமானது.

8. டி.பி.ஏ. அளப்பது

டிபியாவின் மேல்தளம் பின்னோக்கிச் சரிந்திருக்கிறது. நாய் காலை ஊன்றும்போது தொடை எலும்பு அந்தச் சரிவில் இறங்கப் பார்க்கிறது, டிபியா முன்னால் தள்ளப்படுகிறது, சரிவுப் பாதையில் நிறுத்திய வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல்போல முன் குறுக்கு ஜவ்வு அதைத் தாங்குகிறது. சரிவு கூடினால் ஜவ்வுக்குச் சுமை கூடும். அமெரிக்க அறுவை மருத்துவர் பார்க்லே ஸ்லோகம் டி.பி.எல்.ஓ. ஆபரேஷனை வகுத்தது இந்தச் சரிவைக் குறைக்கத்தான், 1993-இல் அதை வெளியிட்டார்.

அளக்கும் வரிசை இது. டிபியா மேல்தளத்தின் நடுவில் இரண்டு சிறு கூம்புகள் தெரியும், அவற்றின் இடையில் ஒரு புள்ளி. கணுக்காலில் டேலஸின் வளைவோடு பொருந்துமாறு ஒரு வட்டம் போட்டு அதன் மையத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் டிபியாவின் அச்சு. ஹோரோஸ், ரேடியன்ட் போன்ற மென்பொருள்களில் கோணம் அளக்கும் கருவி இருக்கிறது.

பிறகு மேல்தளக் கோடு. உட்பக்க மேல்தளத்தின் முன் ஓரத்திலிருந்து பின் ஓரம் வரை. இந்தக் கோட்டுக்கும், அச்சுக்குச் செங்குத்தாக வரைந்த கோட்டுக்கும் இடையில் உள்ளதுதான் டி.பி.ஏ. செங்குத்துக் கோடு போடச் சோம்பலாக இருந்தால் அச்சுக்கும் மேல்தளத்துக்கும் இடையே பின்பக்கமுள்ள குறுங்கோணத்தை அளந்து 90-இலிருந்து கழியுங்கள், அதுவும் அதேதான்.

தவறு நடப்பது பின் ஓரப் புள்ளியில். அங்கே எலும்பு முளை வளர்ந்திருந்தால் அதன் நுனியை ஓரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், கோடே சாய்ந்துவிடுகிறது. முளையை மனதால் நீக்கிவிட்டு, மேல்தளத்தின் நேரான பகுதி எங்கே முடிகிறதோ அங்கே புள்ளி வையுங்கள். தெரியவில்லை என்றால் மறு காலின் படத்தைப் பக்கத்தில் திறந்து ஒப்பிடுங்கள்.

மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள், முந்தைய கோடுகளை அழித்துவிட்டு. முடிந்தால் இன்னொருவரையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரே படத்தில் இருவருக்கு 2, 3 டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம், அதனால் 26-க்கும் 27-க்கும் நடுவில் அர்த்தம் தேடாதீர்கள், தசம எண் எழுதவே வேண்டாம்.

9. தொடை எலும்பின் வளைவும் சில்லும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். முன் பின் படத்தில் தொடை எலும்பின் அச்சை வரைந்து, கீழே இரண்டு கண்டைல்களையும் தொட்டு ஒரு கோடு போட்டு, வெளிப்பக்கக் கோணத்தை அளக்கிறார்கள். லேப்ரடாருக்குச் சராசரி 97 டிகிரியை ஒட்டி, ஜெர்மன் ஷெப்பர்டுக்கு 94-ஐ ஒட்டி. அதனால் ஒரு இனத்தின் எண்ணை இன்னொரு இனத்துக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். 102-ஐத் தாண்டி, சில்லும் உட்பக்கம் விலகுகிறது என்றால் எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய விஷயம். சில்லு விலகும் முட்டியில் காலை முறுக்கும் விசை கூடுவதால் ஜவ்வும் சேர்ந்து அடி வாங்குகிறது. ஆனால் இந்தக் கோணம் நம்பத்தக்கதாக வர, 6-ஆம் பகுதியில் சொன்ன ஃபேபெல்லா சோதனை தேறியிருக்க வேண்டும். கால் கொஞ்சம் திரும்பினாலும் நேரான எலும்பு வளைந்ததாகத் தெரியும்.

10. எண்ணை வைத்து அபாயத்தைச் சொல்வது

பெரும்பாலான நாய்களுக்கு டி.பி.ஏ. 18-லிருந்து 30-க்குள் வரும், பெரிய இனங்களில் 25-ஐச் சுற்றி. ஜவ்வு கிழிந்த நாய்களையும் கிழியாத நாய்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை; சிலவற்றில் வித்தியாசம் இருக்கிறது, சிலவற்றில் இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. அதனால் 22 என்றால் தப்பித்தோம், 28 என்றால் போச்சு என்று யாரும் சொல்ல முடியாது. 34, 35-ஐத் தாண்டினால் அது மிகைச் சரிவு, அங்கே கவலைக்குக் காரணம் உண்டு, ஆபரேஷன் திட்டமும் அதற்கேற்ப மாறும்.

நான் எண்ணைத் தனியாகச் சொல்வதில்லை. முதலில் நீரும் முளையும்: இருந்தால் அந்த முட்டி அபாயத்தில் இருக்கிறது, கோணம் என்னவாக இருந்தாலும். இல்லையென்றால் மற்றதைச் சேர்த்துப் பார்ப்பேன்: என்ன இனம், பெற்றோருக்கோ உடன்பிறந்த குட்டிகளுக்கோ ஜவ்வு போயிருக்கிறதா, எடை எவ்வளவு, கருத்தடை எப்போது செய்தார்கள், நிற்கும் போட்டோவில் கால் நேராக இருக்கிறதா, அப்புறம் கோணம். லேப்ரடார், ராட்வெய்லர், நியூஃபவுண்ட்லாண்ட் ஆகியவற்றுக்கு இது அதிகம், கிரேஹவுண்டுக்கு அபூர்வம்.

இந்தப் பட்டியலில் நம் கையில் இருப்பது எடை. விலாவைத் தடவினால் எலும்பு லேசாகக் கையில் பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். பால் சாதமும் பிஸ்கெட்டுமாக 40 கிலோ ஏறிய லேப்ரடாரின் டி.பி.ஏ.-வை உங்களால் உணவால் மாற்ற முடியாது, ஆனால் அந்தச் சரிவில் இறங்கும் பாரத்தைக் குறைக்க முடியும். வீட்டில் வழுக்கும் தரையில் அது நடக்கும் வழியில் ரப்பர் பாய் போடச் சொல்லுங்கள்.

இனப்பெருக்கத்துக்கு என்றால் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஜவ்வு கிழிந்த நாயை, ஆபரேஷன் எவ்வளவு நன்றாக அமைந்தாலும், இணை சேர்க்காதீர்கள். ஆபரேஷன் அந்த நாயின் முட்டியைத்தான் சரிசெய்தது, குட்டிக்குப் போகும் மரபணுவை அல்ல.

11. குட்டிகளுக்கும் இளம் நாய்களுக்கும்

டிபியாவின் மேல் முனையில் வளர்ச்சிக் கோடு திறந்திருக்கும்வரை மேல்தளத்தின் சரிவு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. பெரிய இனங்களில் அது ஒரு வயதைத் தாண்டியும் சில நாய்களில் திறந்திருக்கும். ஐந்து மாதக் குட்டிக்கு டி.பி.ஏ. அளந்து விற்பவரோடு சண்டை போடுவதில் பொருளில்லை. இன்னொன்று, டிபியாவின் முன்பக்க முண்டுக்குக் கீழே தெரியும் கருப்புக் கோட்டை எலும்பு முறிவு என்று பயந்துவிடுகிறார்கள். மறு காலிலும் அதே கோடு அதே அகலத்தில் இருந்தால் அது வளர்ச்சிக் கோடுதான். அகலம் வேறாக இருந்து குட்டியும் நொண்டினால் மட்டும் முண்டு பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கருத்தடை எப்போது என்று கேட்பவர்களுக்கு: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கோல்டன் ரிட்ரீவர்களை வைத்துச் செய்து 2013-இல் வெளியான ஆய்வில், ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்த ஆண்களில் 5 சதவீதத்துக்கும் பெண்களில் 8 சதவீதத்துக்கும் ஜவ்வு கிழிந்தது, கருத்தடை செய்யாதவற்றில் ஒன்றுக்குக்கூட இல்லை. பெரிய இனம் என்றால் வளர்ச்சிக் கோடு மூடும்வரை காத்திருக்கலாமா என்று டாக்டரிடம் பேசுங்கள். இதற்காக எக்ஸ்ரே எடுத்துக் கோடு மூடிவிட்டதா என்று பார்ப்பது மட்டும் பயனுள்ள வேலை.

இனப்பெருக்கத்துக்கான படத்தை இரண்டு வயது முடிந்த பிறகு எடுங்கள், ஓ.எஃப்.ஏ. இடுப்புச் சான்றிதழுக்கு வைத்திருக்கும் 24 மாத வரம்பும் அதுதான். ஒரே மயக்கத்தில் இடுப்பும் முட்டியும் முடிந்துவிடும்.

12. பதிவும் மறுபடி எடுப்பதும்

ரிப்போர்ட்டில் எழுத வேண்டியவை: எந்தக் கால், முட்டியும் கணுக்காலும் எத்தனை டிகிரியில் வைக்கப்பட்டன, கண்டைல்கள் பொருந்தினவா, நீர் உண்டா இல்லையா, எலும்பு முளை எங்கெங்கே, டிபியா நழுவியிருக்கிறதா, மூன்று அளவுகளின் சராசரி, அன்றைய எடை. படத்தை டைகாம் கோப்பாகவே, அதாவது எக்ஸ்ரே கருவி தரும் அசல் வடிவிலேயே, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வியூவர் திரையைச் செல்போனில் போட்டோ எடுத்தால் ஓரம் வளைந்து கோணமே மாறிவிடும், கொழுப்புத் திட்டும் தெரியாது.

ஒரு முட்டி கிழிந்த நாய்க்கு மறு முட்டியை ஆறு மாதத்தில் மறுபடி எடுங்கள், டி.பி.எல்.ஓ. செய்திருந்தால் எலும்பு சேர்ந்ததைப் பார்க்க எப்படியும் எட்டு வாரம் கழித்து எடுப்பார்கள், அந்த மயக்கத்திலேயே மறு முட்டியையும் சேர்த்து எடுத்துவிடலாம். எந்தத் தடயமும் இல்லாத நாய்க்கு வருடம் ஒரு முறை எடுக்கத் தேவையில்லை, நொண்டினாலோ, உட்காரும் விதம் மாறினாலோ போதும். மறுபடி எடுக்கும்போது பழைய படத்தை முதலில் திறந்து, அதே மடக்கலில், அதே மையத்தில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கொழுப்பு முக்கோணம் அப்போதைவிடச் சுருங்கியிருக்கிறதா என்பதுதான் முதலில் தேட வேண்டியது.